கடைசி வரிசையின் இடது கால்

பள்ளி பேண்ட் குழுக்களைப் பொறுப்பேற்று நடத்தும் உடற்கல்வி ஆசிரியர் பெருமக்களுக்கு,



சென்ற குடியரசு தினத்தன்று காலையில் ஒரு பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. பேண்ட் குழு முன்னே செல்ல, பின்னால் பிள்ளைகள் அணி அணியாக நடந்து வந்தார்கள். முதல் அணியின் கால்கள் ஒன்றாக விழுந்தன. மூன்றாவது அணி வரும்போதே கால்கள் பிரியத் தொடங்கின. கடைசி அணி வந்தபோது இடது காலும் வலது காலும் கலந்து, பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். விழா முடிந்ததும் அந்தக் கடைசி அணிப் பிள்ளைகளைத் தனியாக நிறுத்தி வைத்துத் திட்டினார்கள். ஒரு சிறுமி அழுதாள்.

நான் பேஸ் டிரம் அருகே போய் அதன் தோலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். புது டிரம், 28 அங்குலம். மெல்லிய ஒற்றைப் படலத் தோல். ஓரத்தில் கம்பளி இல்லை, ஸ்பாஞ்சு இல்லை. கையில் பஞ்சுப்பொதி போல ஒரு ஸ்டிக். விரலால் ஒரு தட்டு தட்டினேன். “தொம்ம்ம்ம்” என்று இழுத்துக்கொண்டே போனது. அந்தச் சிறுமியின் காலில் ஒரு தவறும் இல்லை. அவள் காதுக்கு முழக்கம் மட்டும்தான் வந்தது. அடி வந்து சேரவில்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்த அழுகைதான். ஒன்பதாம் வகுப்பில் பேஸ் டிரம்மைத் தோளில் மாட்டியவன் நான். அதன்பின் முப்பது ஆண்டுகளாகத் தென்மாவட்டப் பள்ளிகளுக்குப் பேண்ட் பயிற்சி கொடுத்தும், கிழிந்த டிரம்முக்குத் தோல் மாற்றிக் கொடுத்தும் வருகிறேன். உங்களில் பெரும்பாலானோர் இசை படித்துவிட்டு இந்தப் பொறுப்புக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கபடி, கோகோ, தடகளம் என்று அத்தனையையும் பார்த்துக்கொள்ளும் உங்களிடம் “பேண்ட்டையும் நீங்களே பாருங்கள்” என்று தலைமையாசிரியர் சொல்லியிருப்பார். கடைக்காரர் காட்டியதை வாங்கியிருப்பீர்கள். அதனால் கேட்கிறேன்: இந்த ஆண்டு பேண்டுக்கென்று கிடைக்கும் பணத்தில் புது டிரம் வாங்கும் முன், இருக்கிற டிரம்முக்கு நல்ல தோல் போட்டுப் பாருங்கள்.

தோல் என்றுதான் இன்னமும் சொல்கிறோம். இன்று அது பெரும்பாலும் பாலியெஸ்டர் படலம். டூபாண்ட் நிறுவனம் மைலார் என்ற பெயரில் விற்ற அந்தப் படலத்தை 1950களின் நடுவில் அமெரிக்காவில் சிலர் டிரம்மில் ஏற்றிப் பார்த்தார்கள். சிக் எவன்ஸ் ஒருவர், ரெமோ பெல்லி இன்னொருவர். பெல்லி 1957இல் தொடங்கிய ரெமோ நிறுவனம் தன் தோலுக்கு வைத்த பெயர் வெதர் கிங். வானிலையை வென்றது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். விலங்குத் தோலோடு மழைக்காலத்தில் மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்தப் பெயரின் அருமை தெரியும்.

எனக்குத் தெரியும். நான் முதலில் வாசித்தது ஆட்டுத்தோல் ஏற்றிய, கயிறு கட்டிய பழைய டிரம். கயிற்றின் மேல் தோலில் செய்த காதுகள் இருக்கும். அவற்றைக் கீழே இழுத்தால் தோல் இறுகும். ஆகஸ்ட் 15 அன்று தூறல் விழுந்தால் போதும், பாதி ஊர்வலத்தில் தோல் இறங்கி, ஈரச் சாக்கை அடிப்பது போல ஆகிவிடும். ஜனவரிப் பனியிலும் அதே கதை. எங்கள் மாஸ்டர் விடிவதற்கு முன்பே பள்ளிச் சமையல்கூடத்து அடுப்பின் அருகே டிரம்மைக் கொண்டுபோய் வைப்பார். பறை வாசிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதை ஊரில் பார்த்தே வளர்ந்தவர் அவர். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நேரம் என்பது அவர் கைக்குத் தெரியும். அப்படிக் காய்ந்து இறுகிய ஆட்டுத்தோலில் முதல் அடி விழும்போது வரும் நாதம் எந்தப் பிளாஸ்டிக்கிலும் வராது. மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கை இல்லாத பள்ளியில், காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகளிடம் ஆட்டுத்தோலைக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பாலியெஸ்டரே போடுங்கள். பனியும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. நேர் வெயிலில் வெகுநேரம் கிடந்தால் மட்டும் சற்று இறங்கும். அணிவகுப்பு தொடங்கும் வரை நிழலில் வையுங்கள்.

இனி, எந்தப் பாலியெஸ்டர் என்ற கேள்வி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கடையில் டிரம்மை அடித்துப் பார்க்கிறோம். நான்கு சுவருக்குள், ஓர் அடி தூரத்தில் நின்று கேட்கிறோம். எது அதிகமாக முழங்குகிறதோ அதுதான் நல்லது என்று தோன்றும். மைதானத்தில் அது தலைகீழாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். நம் ராணுவத்தின் தேஜ் சல் என்ற விரைவு நடை நிமிடத்துக்கு 120 காலடி. அதாவது அரை நொடிக்கு ஒரு கால் தரையில் விழ வேண்டும். ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பேண்டுக்கு 70 மீட்டர் பின்னால் வரும் அணிக்கு டிரம்மின் அடி ஏறத்தாழ 0.2 நொடி தாமதமாகத்தான் கேட்கும். இது யாராலும் மாற்ற முடியாத இயற்கை. கடைசி அணியின் கால், முதல் அணியின் காலைவிட அந்த அளவு பிந்தித்தான் விழும். பிந்தினாலும் அணிக்குள் எல்லோர் காலும் ஒன்றாக விழுந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்கு வந்து சேரும் ஒலி ஒரு புள்ளியாக இருக்க வேண்டும். ஓரத்தில் முழக்கத்தைக் குறைக்கும் அடக்கம் இல்லாத பெரிய டிரம், ஓர் அடிக்கு ஒரு நொடிக்கு மேலும் முழங்கிக்கொண்டிருக்கும். அந்த முழக்கம் ஓய்வதற்குள் இரண்டு கால்கள் விழுந்தாக வேண்டும். எது இடது கால் அடி, எது அதன் இழுவை என்று அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இன்னொன்றும் இருக்கிறது. பேஸ் டிரம்மை நெஞ்சில் மாட்டினால் அதன் இரண்டு தோல்களும் பக்கவாட்டில் பார்க்கும், பின்னால் பார்க்காது. ஒலியில் கனமான பகுதி, அந்தத் “தொம்”, எந்தப் பக்கமும் வளைந்து போகும். ஆனால் ஸ்டிக் தோலைத் தொடும் கணத்தில் வரும் “டப்” என்ற கூர்மையான பகுதி தோல் பார்க்கும் திசையில்தான் அதிகம் போகும். ஆக, பின்னால் வரும் பிள்ளைகளுக்கு டப் குறைந்து, தொம் மட்டும் நிறைய வந்து சேர்கிறது. தோலைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரான வேலை: டப்பைக் கூட்டி, தொம்மின் வாலை வெட்ட வேண்டும்.

வாலை வெட்டும் வழி தோலின் ஓரத்தில் இருக்கிறது. அணிவகுப்புக்கென்றே செய்த பேஸ் டிரம் தோல்களில் ஓரத்தைச் சுற்றி ஓர் அடக்கம் சேர்த்தே வரும். எவன்ஸ் நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளக் கம்பளிப் பட்டைகளும் கொடுக்கிறார்கள். ரெமோவின் பவர்மேக்ஸ் தோலில் உள் ஓரத்தில் இன்னொரு படல வளையம் பதிந்திருக்கும். விலை கட்டுப்படியாகுமானால் இவற்றில் ஒன்றை வாங்குங்கள். வேறு வேலை வைக்காது.

கட்டுப்படியாகாவிட்டாலும் வருந்த வேண்டாம். சாதாரணத் தோலை வாங்கி நாமே அடக்கம் போடலாம். கதவு இடுக்கில் காற்று வராமல் ஒட்டுவார்களே, பின்பக்கம் பசை உள்ள ஸ்பாஞ்சுப் பட்டை, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஓர் அங்குல அகலப் பட்டையை வாங்கி, தோலின் உள்பக்கம் டிரம்மின் உடலான மரக் கட்டையின் விளிம்பை ஒட்டினாற்போல வட்டமாக ஒட்டுங்கள். முதலில் பாதி வட்டம் மட்டும் ஒட்டிவிட்டு, மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். இன்னும் இழுத்தால் மீதியையும் ஒட்டுங்கள். டிரம் பெரிதாகப் பெரிதாக அடக்கமும் கூட வேண்டும்: 22 அங்குலத்துக்குப் பாதி வட்டம் போதலாம், 28க்கு முழு வட்டமும் வேண்டியிருக்கும். தலையணையையோ பழைய துணியையோ டிரம்முக்குள் திணிக்கிறார்கள் சிலர். தயவுசெய்து செய்யாதீர்கள். அது வாலோடு உயிரையும் சேர்த்து வெட்டிவிடும். நடக்கும்போது உள்ளே உருண்டுகொண்டும் இருக்கும்.

அடுத்தது கனம். தோலின் கனத்தை மில் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரெமோவின் அம்பாசடர் ஒற்றைப் படலம், 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர். எம்பரர் இரட்டைப் படலம், 7 மில் படலங்கள் இரண்டு. ஒற்றைப் படலம் சட்டென்று பேசும். மெதுவாகத் தட்டினாலும் பதில் சொல்லும். ஆனால் இழுவை அதிகம், பள்ளமும் சீக்கிரம் விழும். இரட்டைப் படலத்தில் இரண்டு படலமும் ஒன்றோடொன்று உரசி ஒலியைக் கொஞ்சம் தானே அடக்கிக்கொள்ளும். உழைப்பும் தாங்கும். பள்ளிக்கு எது? என் முடிவு இரட்டைப் படலம்தான். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பையன் வந்து அதே டிரம்மை ஓங்கி அடிப்பான்; அடக்கி வாசிக்கக் கற்பதற்குள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிடும். அந்த அடியைத் தாங்க வேண்டும். 20 அங்குலமோ அதற்கும் குறைவாகவோ உள்ள சின்ன டிரம்மானால் மட்டும் ஒற்றைப் படலம் போடலாம்.

வாங்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மெல்லிசைக் குழுக்களில் காலால் மிதித்து வாசிக்கும் பேஸ் டிரம்மின் தோலைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதன் முன்பக்கத் தோலில் மைக் வைக்க ஓட்டைகூட இருக்கும். அந்த டிரம்மில் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் எதிரொலி. இரண்டும் வேறு வேறு தோல். நம் டிரம்மில் இரு பக்கமும் அடி. இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே கனம், ஒரே அடக்கம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கிழிந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேறு ஏதோ ஒன்றை மாட்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. வலது கை ஒரு குரலிலும் இடது கை இன்னொரு குரலிலும் பேசும் டிரம்முக்குப் பின்னால் யாரால் நடக்க முடியும்?

அளவு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். தோலின் அளவு என்பது டிரம்மின் கட்டையின் வெளி விட்டம். மேலே உள்ள மர வளையத்தின் விட்டம் இல்லை. வளையத்தோடு சேர்த்து அளந்துவிட்டு ஓர் அங்குலம் பெரிய தோலை வாங்கிவந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வளையத்தைக் கழற்றுங்கள், பழைய தோலை எடுங்கள், வெறும் கட்டையின் குறுக்கே அளவுநாடாவைப் பிடியுங்கள். ஒரு திசையில் மட்டும் அளக்காமல், கடிகார முள் போலத் திருப்பித் திருப்பி நான்கு திசையில் அளந்து பாருங்கள். நம் நாட்டில் பேண்ட் வாத்தியங்கள் பெருமளவு வருவது உத்தரப்பிரதேசத்தின் மீரட்டிலிருந்து. அங்கே ஜலி கோட்டி வட்டாரமே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. நாதிர் அலி நிறுவனம் 1885இலிருந்து இருக்கிறது. கைவேலையில் சிறந்தவர்கள். ஆனால் சிறு பட்டறைகளில் செய்து வரும் எல்லாக் கட்டைகளும் வெளிநாட்டுத் தோலின் அளவுக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 24 அங்குலம் என்றால் 61 சென்டிமீட்டர். உங்கள் கட்டை 61.5 இருந்தால் வெளிநாட்டுத் தோல் உள்ளே இறங்காது. அதைச் சுத்தியலால் தட்டி இறக்க முயல வேண்டாம். டிரம் வந்த இடத்திலேயே அளவு சொல்லித் தோல் கேளுங்கள். இரட்டைப் படலமாகக் கேளுங்கள், ஸ்பாஞ்சுப் பட்டையை நீங்கள் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் தோல் மாற்றிய பள்ளிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. கட்டை கோணலாகி ஒரு திசைக்கும் மறுதிசைக்கும் கணிசமான வேறுபாடு இருந்தால் மட்டும் அந்த டிரம்முக்குச் செலவழிக்காதீர்கள். எந்தத் தோலும் அதில் ஒழுங்காக உட்காராது.

கட்டையைத் திறந்த கையோடு விளிம்பையும் தடவிப் பாருங்கள். தோல் உட்காரும் அந்த ஓரத்தில் சிராய்ப்பு, பள்ளம், பழைய பசை இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மெழுகுவர்த்தியை ஒரு சுற்று உரசிவிடுங்கள். தோல் வழுக்கி உட்காரும்.

மாட்டும் முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. எல்லா போல்ட்டையும் விரலால் திருகும் அளவுக்கு முதலில் இறுக்குங்கள். பிறகு ஒன்றை அரைச் சுற்று, அதற்கு நேர் எதிரே உள்ளதை அரைச் சுற்று, பிறகு அடுத்தது, அதன் எதிர். வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கிக்கொண்டே போனால் ஒரு பக்கம் இழுத்து வளையமே கோணிவிடும். ஒரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையால் தோலின் நடுவில் அழுத்துங்கள். சுருக்கம் தெரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம். சுருக்கம் மறைந்தபின் ஒவ்வொரு போல்ட்டின் முன்னும் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி விரலால் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை சிறிது சிறிதாகத் திருத்துங்கள். பிறகு டிரம்மைத் திருப்பி மறுபக்கத்தையும் அதே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். உங்களுக்குச் சுருதி பிடிபடவில்லை என்றால் பள்ளியில் பாட்டுப் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அவளுக்கும் பெருமையாக இருக்கும்.

எவ்வளவு ஏற்றலாம்? ஒரே ஒரு பேஸ் டிரம் உள்ள குழுவுக்கு, சுருக்கம் மறைந்த நிலையிலிருந்து இன்னும் அரை அல்லது முக்கால் சுற்று. அதற்கும் கீழே விட்டால் தோல் அடித்த இடத்திலேயே சோர்ந்து, சத்தம் பத்து அடிகூடப் போகாது. மிக ஏற்றினால் சைட் டிரம்மோடு போட்டியிடத் தொடங்கிவிடும்.

ஸ்டிக்கைப் பற்றிச் சொல்லாமல் தோலைப் பற்றி மட்டும் சொன்னால் பாதி வேலைதான். பஞ்சுபோல உப்பிய மென்மையான உருண்டை, எவ்வளவு நல்ல தோலிலும் டப்பைத் தின்றுவிடும். அழுத்தமான கம்பளியில் செய்த கெட்டி உருண்டைதான் அணிவகுப்புக்கு. வெறும் மரமோ ரப்பர்ப் பந்தோ வேண்டாம். தோலில் பள்ளம் விழும். பிறகு, எங்கே அடிப்பது? நேர் நடுவில். நடுவில் அடித்தால் தோல் மொத்தமும் ஒன்றாக ஏறி இறங்கும். ஓரமாக அடித்தால் தோல் ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்கி, பலவகை அதிர்வுகள் சேர்ந்து நீண்ட நேரம் இரையும். நடுவில் ஒரு சின்ன வட்டத்தைப் பென்சிலால் போட்டுக் கொடுத்தாலே பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

நடு என்றதும் பள்ளிச் சின்னம் நினைவுக்கு வருகிறது. எல்லாப் பள்ளிகளும் அங்கேதான் எனாமல் பெயின்டால் பெரிதாகச் சின்னம் எழுதுகின்றன. அடி விழும் இடம் அது. பெயின்ட் தோலைக் கெட்டியாக்கி, ஒரே பருவத்தில் வெடித்து உதிர்ந்து, சின்னமும் அசிங்கமாகி, ஒலியும் கெட்டுப்போகிறது. பள்ளிப் பெயரை ஓரத்தில் வளைவாக, மெல்லிய வினைல் எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒட்டுவது அடக்கத்துக்கும் கொஞ்சம் உதவும். நடு வெறுமையாக இருக்கட்டும்.

டிரம்மின் அளவைப் பற்றி உங்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய டிரம் இருந்தால்தான் கம்பீரம் என்று நம்பி, பதின்மூன்று வயதுப் பையன் நெஞ்சில் 28 அங்குலத்தை மாட்டிவிடுகிறோம். அவனுக்கு முன்னால் இருப்பது தெரியாது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டு நடப்பான். ஒரே தோள்வாரில் தொங்கும் டிரம் என்றால் இன்னும் மோசம். நானும் அப்படி நடந்தவன்தான். இன்றும் இடது தோளில் வலி இருக்கிறது. கனத்தைத் தூக்கித் தள்ளாடும் கையிலிருந்து நேரான அடி எப்படி வரும்? ஒழுங்காகத் தோல் போட்டு அடக்கம் போட்ட 24 அங்குலம், அடக்கமில்லாத 28ஐ விடப் பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும். இரண்டையும் ஒரே மைதானத்தில் வைத்து, கடைசி வரிசை இடத்தில் நின்று நானே கேட்டிருக்கிறேன். புது டிரம் வாங்கியே தீர வேண்டிய நிலை என்றால் சின்னதாக வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் இரு தோளிலும் மாட்டும் தாங்கி வாங்குங்கள்.

அண்மையில் சில பள்ளிகள் ஐந்து பேஸ் டிரம் வரிசையைப் பற்றி என்னிடம் கேட்கின்றன. அமெரிக்க டிரம் கோர் குழுக்களின் காணொளிகளைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். டிரம் கோர் இன்டர்நேஷனலின் முதல் சாம்பியன் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வொயிட்வாட்டரில் நடந்தது. அந்தக் குழுக்களில் பேஸ் டிரம் நடையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. 18 அங்குலத்திலிருந்து 32 வரை ஐந்து அளவுகள். ஒரே தாளக்கோர்வையை ஐந்து பேர் எழுத்து எழுத்தாகப் பங்கிட்டு வாசிப்பார்கள். மேலிருந்து கீழே உருண்டு வருவது போலக் கேட்கும். தோல்களின் முகம் பார்வையாளர்களை நோக்கி இருக்கும்படி வாசிப்பவர்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்பார்கள். அங்கே ஒவ்வொருவர் அடியும் ஒரு சொல்லின் ஓர் எழுத்து. ஒருவருடையது இழுத்தால் அடுத்தவர் எழுத்து மறைந்துவிடும். அதனால்தான் அந்தத் தோல்களுக்கு அவ்வளவு அடக்கம், அவ்வளவு இறுக்கம்.

ஒரு பள்ளியில் ஐந்து டிரம்மும் வாங்கிவிட்டு, ஐந்தையும் ஒரே சுருதிக்கு இறுக்கி வைத்திருந்தார்கள். ஒரே குரலில் ஐந்து பேர் மாறி மாறிப் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வகைத் தோல் போடுங்கள், அது சரி. ஆனால் சின்னதை உயர்த்தியும் பெரியதைத் தாழ்த்தியும் ஏணிப்படி போலச் சுருதி வையுங்கள். இழுவிசை ஒன்றாக இருந்தால் விட்டம் இருமடங்கானபோது சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும் என்பது கணக்கு. ஆக, அளவு வேறுபாடே உங்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுக்கும். அளவுகள் நெருக்கமாக இருந்தால் இறுக்கத்தில் மீதியைச் சரிக்கட்ட வேண்டும். எனினும் ஒரு சொல்: ஒரே டிரம்மில் கால்கள் ஒன்றாக விழாத குழு, ஐந்துக்குப் போக வேண்டாம்.

எப்போது மாற்றுவது? போல்ட்டை ஏற்றியும் குரல் ஏறாமல் மந்தமாகவே இருந்தால், நடுவில் விரல் நுழையும் பள்ளம் விழுந்தால், ஓரத்தில் படலம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விட்டிருந்தால். கிழியும் வரை காத்திருக்க வேண்டாம். அணிவகுப்பின் நடுவில்தான் கிழியும். வலது பக்கம் மட்டும் அடிபடும் குழுவானால் அரையாண்டுக்கு ஒருமுறை டிரம்மை இடம் வலமாகத் திருப்பி மாட்டுங்கள், இரு தோலும் சமமாகத் தேயும். விளையாட்டுச் சாமான் அறையில் டிரம்மைப் படுக்கப் போட்டு, அதன் மேல் கூடைப்பந்தும் சுண்ணாம்புப் பையும் வைக்காதீர்கள். நிமிர்த்தி, வளையத்தின் மேல் நிற்கும்படி வையுங்கள். அக்டோபரில் மழை தொடங்குமுன் தரையிலிருந்து ஒரு பலகை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். தோலுக்கு ஈரம் ஒன்றும் செய்யாவிட்டாலும் மரக் கட்டை ஊறிப்போகும்.

இவற்றையெல்லாம் செய்து முடித்த நாளில் ஒன்று செய்யுங்கள் சார், செய்யுங்கள் டீச்சர். பேண்டுக்கு அருகே நிற்காமல், கடைசி அணியின் கடைசி வரிசைக்குப் போங்கள். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் ஒரு சுற்று நடங்கள். “லெஃப்ட்” என்று யாரும் சொல்லக் கூடாது. உங்கள் இடது கால் தானாக விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கு யாரையும் திட்ட வேண்டாம். அறைக்குத் திரும்பி, ஸ்பாஞ்சுப் பட்டையை இன்னும் ஒரு சாண் சேர்த்து ஒட்டுங்கள்.

போல்ட்டைத் திருகும் டிரம் கீ எங்கே இருக்கிறது என்றும் இன்றைக்கே தேடிப் பாருங்கள். பல பள்ளிகளில் அது தொலைந்துபோய், பையன்கள் குறட்டால் போல்ட்டைத் திருகித் தலையை மழுக்கி வைத்திருக்கிறார்கள். புதிதாக இரண்டு வாங்கி, ஒன்றை மேசை அறையில் வையுங்கள்; இன்னொன்றைச் சிவப்புக் கயிற்றில் கோத்து டிரம்மோடு கட்டிவிடுங்கள்.

அன்புடன்,
பழைய பேஸ் டிரம்காரன் ஒருவன்